எந்தத் துவக்கு ஏற்ற துவக்கு?

மாணவ அன்பரொருவர் எமக்கு ஒரு வினா விடுத்துள்ளார். அமெரிக்க வேட்டைக் கதைகளைப் படிக்கும்போதெல்லாம் ‘முப்பது-முப்பது’, ‘முப்பது-சைபர்-ஆறு’, ‘முந்நூற்றெட்டு’ என்று துவக்குகளின் பெயர்கள் எண்களாகவே வருகின்றனவாம். அவ்வெண்கள் எவற்றைக் குறிக்கின்றன? அடர்ந்த காட்டில் மான் வேட்டைக்குச் செல்பவன் அவற்றுள் எதனைத் தெரிந்தெடுக்க வேண்டும்? ஆகப் பெரிய துவக்கே ஆகச் சிறந்ததன்றோ? இவையே அவர் கேட்பவை. இறுதிக் கேள்விக்கு ‘அன்று’ என்பதே எமது விடை. ஏன் அன்று என்பதை விளக்கவே இவ்வாரம் இப்பகுதியை ஒதுக்கினோம்.

விடைக்குள் நுழையுமுன் ஒரு சொல். எமது நாட்டிலே புள்ளிமானும் மரையும் சட்டத்தின் காவலுக்குட்பட்டவை. 1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் அவற்றுக்குக் காப்பாக நிற்கின்றன. ஆதலின் ஈண்டு நாம் கூறப்போவது இந்நாட்டிற் செய்துபார்ப்பதற்கன்று. மான் வேட்டை சட்டப்படி நடைபெறும் ஒரு நாட்டில், அதனை மேற்கொள்வோர் எவ்வாறு சிந்திக்கின்றனர் என்பதை அறிவதற்கேயாம். அந்நாடு ஐக்கிய அமெரிக்கா. குறிப்பாக அதன் வடகிழக்கு மூலையிலுள்ள மேய்ன், வேர்மொன்ற், நியூயோர்க் ஆகிய மாநிலங்களின் காடுகளை மனக்கண்முன் கொள்வோமாக.

அக்காடுகளில் வாழ்வது வெண்வால் மான். அஞ்சி ஓடுகையில் வாலை உயர்த்தி அதன் அடிப்புறத்து வெண்மையைக் காட்டுவதால் அப்பெயர் பெற்றது. வட மாநிலங்களில் வளர்ந்த கலையொன்று 150 முதல் 300 இறாத்தல் வரை நிறையுடையது. தெற்கே புளோரிடாவின் தீவுகளில் வாழும் அதன் குறுகிய இனத்திலோ 80 இறாத்தலைத் தாண்டும் கலை அரிது. குளிர் மிகுந்த நாட்டில் உடல் பெருத்தும், வெப்ப நாட்டில் சிறுத்தும் இருப்பது விலங்கியல் மாணவர் அறிந்த விதியே.

1900ஆம் ஆண்டளவில் ஐக்கிய அமெரிக்கா முழுவதிலும் எஞ்சியிருந்த வெண்வால் மான்கள் 5 இலட்சத்துக்கு மேற்படா என்று கணிக்கப்படுகின்றது. இறைச்சிக்கும் தோலுக்குமாகக் கணக்கின்றிக் கொன்றதன் விளைவு அது. அவ்வாண்டிலேயே, சட்டத்துக்கு மாறாகக் கொன்ற விலங்குகளை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுசென்று விற்பதைத் தடுக்கும் லேசிச் சட்டம் பிறந்தது. 1937இல் வந்த மற்றொரு சட்டம், வேட்டைத் துவக்குகள் மீதும் தோட்டாக்கள் மீதும் 11 வீத வரியை வனவிலங்கு மீட்புக்கென ஒதுக்கியது. வேட்டைக்கெனப் பருவமும் எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்டன. இன்று அம்மான்களின் தொகை ஏறத்தாழ 3 கோடி. அவற்றை அடக்கிவைத்த ஓநாயும் பூமாவும் கிழக்குக் காடுகளிற் பெரும்பாலும் அற்றுப்போனமையால், மிகுந்துவிட்ட மான்கள் இளங்கன்றுகளை மேய்ந்து காட்டையே தலையெடுக்கவொட்டாது செய்கின்றன. எனவே அங்கு வேட்டை பொழுதுபோக்கு மாத்திரமன்று. காட்டைப் பேணும் முறைகளுள் ஒன்றாகவும் கருதப்படுகின்றது.

எண்களின் பொருள்

றைபிளின் குழலை உள்ளே நோக்கினால் திருகுபுரி போன்று சுற்றிச் செல்லும் தவாளிப்புகள் தெரியும். அவை வெளியேறும் சன்னத்தைப் பம்பரம்போற் சுழலச் செய்கின்றன. சுழலும் பம்பரம் சாயாது நிற்பதுபோலச் சுழலும் சன்னமும் தலைகுப்புறாது நேரே செல்கின்றது. அக்குழலின் உள்விட்டத்தையே கலிபர் என்பர். ஓர் அங்குலத்தை நூறு கூறாக்கி அவற்றுள் முப்பது கூறு அகலமுடைய குழல் ‘முப்பது’ கலிபர் ஆகும்.

தோட்டா என்பது நான்கு பொருள்களின் கூட்டு. பித்தளைக் கோது, அதன் அடியிலுள்ள வெடிமூட்டி, உள்ளிருக்கும் வெடிமருந்து, வாயிற் செருகிய சன்னம் என்பன அவை. ஒரே குழல் அகலத்துக்குப் பல அளவான கோதுகள் உண்டு. ஆகவே கலிபரை மட்டும் சொன்னாற் போதாது; தோட்டாவின் பெயரையும் சொல்ல வேண்டும். அப்பெயரிடும் முறையிலோ ஒழுங்கென்பது கிடையாது. எமது மாணவ அன்பர் மயங்கியது இங்கேதான்.

‘.30-30’ என்ற தோட்டா 1895இல் வெளிவந்தது. அமெரிக்காவில் வேட்டைக்கெனப் புகையில்லா வெடிமருந்துடன் வந்த முதற் தோட்டாக்களுள் அது ஒன்று. முதல் முப்பது குழலின் அகலம். இரண்டாவது முப்பது, தொடக்கத்தில் அதிலிட்ட மருந்தின் நிறை. அந்நிறை கிறெயின் என்னும் அளவிற் கூறப்படும். 7,000 கிறெயின் ஓர் இறாத்தல். ‘.30-06’ என்பதில் முப்பது அதே அகலம். சைபர்-ஆறு என்பதோ, அமெரிக்கப் படை அதனை ஏற்றுக்கொண்ட 1906ஆம் ஆண்டு. 1952இல் வந்த ‘.308’ சன்னத்தின் உண்மையான விட்டத்தையே பெயராகக் கொண்டது. ஒன்றில் மருந்தின் நிறை, ஒன்றில் ஆண்டு, ஒன்றில் விட்டம். இவ்வளவு வேறுபாடும் பெயரிலேதான். மூன்று தோட்டாக்களும் எறிவது .308 அங்குல விட்டமுள்ள சன்னத்தையே என்பதை அறிந்தால் வியப்பு மேலிடும்.

அங்ஙனமாயின் அவற்றிடை வேறுபாடு யாது? அது வேகம். .30-30 தனது 170 கிறெயின் சன்னத்தைச் செக்கனுக்கு ஏறத்தாழ 2,200 அடி வேகத்தில் எறிகின்றது. .308 தனது 150 கிறெயின் சன்னத்தை ஏறத்தாழ 2,820 அடி வேகத்தில் எறிகின்றது. சன்னத்தின் நிறையை வேகத்தின் வர்க்கத்தாற் பெருக்கி 450,240ஆல் வகுத்தால் அதன் இயக்கசக்தி அடி-இறாத்தலிற் கிடைக்கும். மாணவர்கள் தாமே கணித்துப் பார்க்கலாம். முன்னதற்கு ஏறத்தாழ 1,830. பின்னதற்கு ஏறத்தாழ 2,650. நிறை இரட்டித்தாற் சக்தி இரட்டிக்கும்; வேகம் இரட்டித்தாலோ சக்தி நான்கு மடங்காகும். வேகத்தின் மேல் மனிதர் கொண்ட மோகத்துக்கு இதுவே காரணம்.

காட்டின் அளவு

இவ்விடத்திலேதான் காட்டைக் கேட்க வேண்டும். மேல் மாநிலங்களின் புல்வெளியிலே 300 யாருக்கு அப்பால் நிற்கும் மானும் கண்ணுக்குப் புலப்படும். மேப்பிளும் பீச்சும் ஊசியிலை மரங்களும் நெருங்கிய வடகிழக்குக் காட்டிலோ 100 யாருக்கு அப்பாற் பார்வை செல்லும் இடமே குறைவு. பெரும்பாலான மான்கள் அதனினும் கிட்டிய தூரத்திலேயே சுடப்படுகின்றன. அங்குள்ள வேட்டையாளனுக்கு 400 யாரில் வல்லமை காட்டும் துவக்கு, கிணற்றிலே நீந்துபவனுக்குக் கட்டுமரம் கொடுத்தது போலாகும்.

மானின் நெஞ்சும் நுரையீரலும் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, ஏறத்தாழ 8 அங்குல அகலமான வட்டத்துள் அடங்கும். நாம் உணவருந்தும் பீங்கானின் அளவெனக் கொள்ளலாம். அவ்வட்டத்திற் சன்னம் புகுந்து மறுபுறம் வெளியேறின் மான் சில விநாடிகளில் வீழும். அன்றேல் நூறு யாரளவு ஓடி வீழும். வயிற்றிலோ காலிலோ பட்டால் அது மணிக்கணக்காக, சிலவேளை நாட்கணக்காக வருந்தி, காண்பாரற்ற இடத்தில் மடியும். துவக்கின் தெரிவு என்று நாம் பேசுவதெல்லாம் இவ்விரண்டினுள் எது நிகழும் என்பதைப் பற்றியதே.

அவ்வட்டத்தைத் துளைக்க எத்துணைச் சக்தி வேண்டும்? மானுக்குப் படும் இடத்தில் 1,000 அடி-இறாத்தல் என்பது அமெரிக்க வேட்டையாளர் வழங்கும் கைக்கணக்கு. கொலறாடோ மாநிலம் இதனைச் சட்டமாகவே ஆக்கி, 100 யாரில் அச்சக்தி இருத்தல் வேண்டும் என்கிறது. இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான்கள் சட்டம், பெரிய இன மான்களுக்குக் குழல்வாயில் 1,700 அடி-இறாத்தலும் .240 அங்குலத்துக்குக் குறையாத கலிபரும் வேண்டும் என்கிறது. ஜேர்மனியில் சிறுமானுக்கு 100 மீற்றரில் 1,000 யூல். அதனிற் பெரிய மான்களுக்கு 6.5 மில்லிமீற்றர் கலிபரும் 2,000 யூலும். நாடுகள் வேறாயினும் கருத்து ஒன்றே. விலங்கு வதைபடாமல் இறக்கவேண்டும். அதற்குக் கீழெல்லை ஒன்று வேண்டும்.

.30-30 தோட்டா 100 யாரில் ஏறத்தாழ 1,350 அடி-இறாத்தல் சக்தியோடு நிற்கின்றது. 200 யாரில் அது 1,000க்குச் சற்றுக் கீழிறங்கிவிடும். 100 யாருக்குக் குறி பொருத்திய துவக்காயின் 200 யாரிற் சன்னம் ஏறத்தாழ 8 அங்குலம் தாழ்ந்துபோகும். அதாவது, காட்டிற் கண் காணும் எல்லையும் அத்தோட்டாவின் எல்லையும் ஏறக்குறைய ஒன்றே. அதனைச் சுடும், ஜோன் மோசஸ் பிறவுணிங் என்பார் அமைத்த வின்செஸ்ரர் 1894 றைபிள், 2006இல் நியூஹேவன் தொழிற்சாலை மூடப்படும்வரை 70 இலட்சத்துக்கு மேல் விற்பனையானதன் இரகசியம் இதுவே. 20 அங்குலக் குழலும் ஏறத்தாழ 6½ இறாத்தல் நிறையும் கொண்ட அதனைச் செடிகளுக்கூடாகச் சுமந்து செல்வது எளிது. கைப்பிடியின் கீழுள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா ஆயத்தமாகும்.

அதற்கும் ஒரு குறையுண்டு. குழலின் கீழுள்ள நீண்ட குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால், பின்னதன் சன்னம் முன்னதன் வெடிமூட்டியை முட்டிக்கொண்டிருக்கும். சன்னம் கூரியதாயின் உதைப்பின்போது குத்தி வெடிக்கச் செய்துவிடலாம். ஆதலால் அதற்குத் தட்டை மூக்குச் சன்னமே நெடுங்காலம் வழங்கியது. தட்டை மூக்கு காற்றை எதிர்த்து விரைவில் வேகம் இழக்கும். அண்மைக் காலத்தில் மென்மையான, வளைந்துகொடுக்கும் கூர்நுனி பொருத்திய சன்னங்கள் வந்து அக்குறையை ஓரளவு நீக்கியுள்ளன.

சுள்ளியும் சன்னமும்

காட்டு வேட்டையாளரிடையே பரம்பரையாக ஒரு நம்பிக்கை உலவுகின்றது. பாரித்து மெல்லச் செல்லும் சன்னம் சுள்ளிகளை முறித்துக்கொண்டு நேரே போகுமாம். இலேசாய் விரைந்து செல்வது திசைமாறுமாம். அதனாலேயே 200 கிறெயின் சன்னமுடைய .35 றெமிங்ரன் போன்றவற்றைப் ‘பற்றைத் துவக்கு’ என்று போற்றினர்.

சோதனைகள் இந்நம்பிக்கைக்குத் துணைநிற்கவில்லை. சுள்ளியிற் பட்ட எச்சன்னமும் விலகவே செய்யும். சில வகைகள் சற்றுக் குறைவாக விலகலாம். ஆனால் நம்பியிருக்கத்தக்கது ஒன்றுமில்லை. விலகலின் விளைவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது துவக்கன்று, சுள்ளி நிற்கும் இடமே. சன்னம் ஒரு பாகை மாத்திரம் விலகியதென வைத்துக்கொள்வோம். சுள்ளிக்கு அப்பால் 2 யாரில் மான் நின்றால் சன்னம் ஓர் அங்குலத்துக்குச் சற்றே கூடுதலாகத் தவறும். 40 யாரில் நின்றால் 25 அங்குலம் தவறும். எட்டு அங்குல வட்டத்தில் இருபத்தைந்து அங்குலப் பிழையென்றால், நெஞ்சுக்குக் குறிவைத்தது வயிற்றிற் புகும் என்பது பொருள். கிளைகளுக்கிடையே வெளி தோன்றும்வரை காத்திருப்பதும், தோன்றாவிடின் மானைப் போகவிடுவதுமே இதற்கு மருந்து. அதனைச் செய்யவல்ல தோட்டா எந்தக் கடையிலும் விற்பனைக்கில்லை.

போரில் விலக்கு, வேட்டையில் கட்டாயம்

கலிபரைப் பற்றி நீளப் பேசுவோர் சன்னத்தின் அமைப்பைப் பலவேளை மறந்துவிடுவர். மெய்யாகவே வேலை செய்வது அதுவன்றோ? படையினர் வழங்கும் சன்னம் முழுதும் உலோக உறையிட்டது. உடலினுள்ளே விரியாது ஊடுருவிச் செல்லும். வேட்டைச் சன்னத்தின் நுனி மென்மையானது. உட்புகுந்ததும் காளான்போல விரிந்து பெரிய காயத்தை உண்டாக்கும். இத்தகைய விரியும் சன்னங்கள் கல்கத்தாவை அடுத்த டம்டம் என்னும் ஊரிலிருந்த படைக்கலச் சாலையில் ஆக்கப்பட்டு, அவ்வூரின் பெயரையே பெற்றன. 1899ஆம் ஆண்டு ஹேக் நகரில் நடைபெற்ற மாநாடு அவற்றைப் போரில் வழங்கலாகாது என்று பிரகடனம் செய்தது. வேட்டைச் சட்டங்களோ விரியும் சன்னத்தையே கட்டாயமாக்குகின்றன.

ஒன்றுக்கொன்று முரண்போலத் தோன்றும் இவ்விரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. போரிலே பகைவன் போரிடவொண்ணாதவனானாற் போதும். அவனுக்கு மருத்துவரும் மருத்துவமனையும் உண்டு. காயப்பட்ட மானுக்கு மருத்துவரில்லை. அதற்குக் காட்டத்தக்க ஒரே இரக்கம் விரைவான இறப்பு. ஆகவே சன்னம் விரியவும் வேண்டும்; விரிந்தும் நெஞ்சைக் கடந்து மறுபுறம் வெளியேறத்தக்க நிறையுடனிருக்கவும் வேண்டும். வெளியேறிய துளையிலிருந்து சிந்தும் குருதியே, வீழ்ந்த விலங்கைத் தேடிச் செல்பவனுக்கு வழிகாட்டி. நுரைத்த இளஞ்சிவப்பாயின் நுரையீரலிற் பட்டது. அரைமணி நேரம் பொறுத்துப் பின்தொடர்ந்தால் மான் அண்மையிலேயே கிடக்கும்.

இல்லத்தரசியர் அறியவேண்டிய செய்தியும் ஒன்றுண்டு. ஈயச் சன்னம் விரியும்போது நுண்ணிய துகள்களாகவும் சிதறுகின்றது. அத்துகள்கள் காயத்திலிருந்து வெகுதூரம் பரவி இறைச்சியிற் கலக்கின்றன. கண்ணுக்கும் தெரியா, பல்லுக்கும் தட்டுப்படா. 2008இல் வட டக்கோட்டா மாநிலத்தில் ஏழைகளுக்கென வழங்கப்பட்ட அரைத்த மானிறைச்சியில் ஈயம் காணப்பட்டது. கருவுற்ற பெண்களும் ஆறு வயதுக்குட்பட்ட சிறாரும் ஈயச் சன்னத்தாற் கொன்ற மானின் இறைச்சியை உண்ணலாகாது என்று சுகாதாரப் பகுதியினர் அறிவுறுத்தினர். சிறு பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் கொடிய பகை. ஈயத்துக்கு மாற்றாக முழுதும் செம்பினால் ஆன சன்னங்கள் உள்ளன. அவை சிதறாமல் இதழ்போல விரிகின்றன. கலிபோர்ணியா மாநிலம் 2019 முதல் வேட்டையில் ஈயச் சன்னத்தை முற்றாக விலக்கியுள்ளது. தந்தை கடையிலே தெரிந்தெடுக்கும் தோட்டா, பிள்ளையின் பீங்கானில் வந்து முடிகின்றது.

தோளும் கண்ணும்

இனி, சுடுபவனை நோக்குவோம். எல்லா வினைக்கும் எதிர்வினை உண்டென்பது நியூற்றனின் விதி. சன்னம் முன்னே பாயத் துவக்கு பின்னே தோளை உதைக்கும். உதைப்புப் பெரிதாயின் சுடுபவன் அடுத்த முறை விசையை இழுக்குமுன்னரே கண்ணை மூடித் தோளைச் சுருக்குவான், குறி தவறும். தனக்கு மிஞ்சிய வலுவுள்ள துவக்கை வாங்குவோன் வலுவை வாங்குவதில்லை, அச்சத்தை வாங்குகின்றான். சிறிய சன்னம் சரியான இடத்திற் பட்டால் மான் வீழும். பெரிய சன்னம் தவறான இடத்திற் பட்டால் வதைபடும். இளைஞருக்கும் மெலிந்த உடலினருக்கும் 1955இல் வந்த .243, 1980இல் வந்த 7 மி.மீ.-08 ஆகிய தோட்டாக்களைப் பலர் விதந்துரைப்பது இதனாலேதான். இவையிரண்டும் .308 தோட்டாவின் கோதையே கழுத்தொடுக்கி ஆக்கப்பட்டவை.

துவக்கு உடலுக்கு அளவாயிருத்தலும் வேண்டும். காட்டில் மான் தோன்றி மறையும் நேரம் சிறிது. தோளில் வைத்தவுடன் கண் தானாகவே குறியின் நேரே நிற்க வேண்டும். கழுத்தை வளைத்துத் தேடலாகாது. குளிருக்காக அணியும் தடித்த மேலங்கியுடன் வைத்துப் பார்த்தே வாங்குதல் முறை. குறிபார்க்கத் தொலைகாட்டி பொருத்துவோர் ஒரு மடங்கு முதல் நான்கு மடங்கு வரை பெருப்பிப்பதைக் கொள்வர். பன்னிரண்டு மடங்கு பெருப்பிப்பதில் கிட்ட நிற்கும் மான் மானாகத் தெரியாது. உரோமமும் மரப்பட்டையுமே கண்ணை நிறைக்கும். ஐயமான ஓர் உருவத்தைத் துவக்கின் தொலைகாட்டியாற் பார்ப்பது பெருந்தவறு என்றும் அங்கு கற்பிக்கின்றனர். அதனூடு பார்ப்பதென்றாற் குழலையும் அதன்மேல் நீட்டுவதன்றோ? அது மனிதனாயிருந்தால்?

காட்டில் நிற்கும் மற்றையோர்

இக்கேள்வி வெறும் கற்பனையன்று. 1988ஆம் ஆண்டு மேய்ன் மாநிலத்தில், தன் வீட்டு வளவில் நின்ற பெண்ணொருவர், மானெனக் கருதிச் சுடப்பட்ட சன்னத்தால் உயிரிழந்தார். அதன் பின்னர், 1991இல், அம்மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. விலங்கின் தலையையும் உடலையும் மறைப்பின்றிக் காணுமுன் சுடலாகாது; ஓசையையோ அசைவையோ நிறத்தையோ மட்டும் நம்பலாகாது என்பது அதன் சாரம். வேட்டையாளர் ஒளிரும் செம்மஞ்சள் மேலங்கி அணிவதும் பல மாநிலங்களிற் கட்டாயம். மானின் கண்ணுக்கு அந்நிறம் எமக்குத் தோன்றுவதுபோலப் பளிச்சிடாது. மனிதர் கண்ணுக்கோ தூரத்திலேயே தெரியும். வேட்டைக்குப் புகுவோர் முதலிற் பாதுகாப்புப் பாடம் கற்கவேண்டும் என்ற விதியை 1949இல் நியூயோர்க் மாநிலம் தொடக்கிவைத்தது.

றைபிள் சன்னம் தவறினால் மைலுக்கு மேலும் செல்லும். அதனால் மக்கள் நெருங்கி வாழும் சமதரை மாநிலங்கள் சில, மான் வேட்டைக்கு றைபிளை நெடுங்காலம் விலக்கியிருந்தன. எமது கமக்காரர் பயிர்க்காவலுக்கு வைத்திருப்பது போன்ற ஷொட்கன்னில், சிறு குண்டுகளுக்குப் பதிலாக ஒற்றை ஈயக்கட்டி இட்டே அங்கு பெரும்பாலும் சுடவேண்டியிருந்தது. 2014 முதல் ஒகையோ மாநிலம், கழுத்தொடுங்காத நேர்கோதுத் தோட்டாக்களைச் சுடும் றைபிள்களுக்கும் இடமளித்தது. அவை ஈயக்கட்டியிலும் செம்மையாகப் பாய்பவை. எனினும் நெடுந்தூரம் செல்லாதவை. ஆனால் ஷொட்கன்னே காப்பு என்று கண்ணை மூடியிருத்தலும் ஆகாது. 2007இல் பென்சில்வேனியாச் சட்டசபைக்கு அளிக்கப்பட்ட ஆய்வொன்று, தரைக்குச் சமாந்தரமாகச் சுடும்போது ஈயக்கட்டி நிலத்திற் பட்டுத் தெறித்து றைபிள் சன்னத்தினும் அதிகதூரம் செல்லக்கூடும் என்று காட்டியது. எத்துவக்காயினும், மானுக்குப் பின்னே மண்மேடு உண்டா, வெறுவெளி உண்டா என்று பார்த்தே விசையைத் தொடவேண்டும் என்பதே அதிலிருந்து பெறும் பாடம்.

முடிவாக

மாணவ அன்பருக்கு நேரான விடை இதுவாகும். வடகிழக்குக் காட்டில் வெண்வால் மானுக்கு .30-30, .35 றெமிங்ரன், .308, 7 மி.மீ.-08 ஆகிய எதுவும் போதும். குட்டையான குழல், 7 இறாத்தல் அளவான நிறை, குறைந்த பெருக்கமுள்ள குறிகாட்டி, நெஞ்சைக் கடந்து செல்லும் விரிசன்னம் என்பன அமையவேண்டும். அவற்றினிடையே உள்ள வேறுபாடு, சுடுபவரிடையே உள்ள வேறுபாட்டினும் சிறிது. பீங்கானளவு கடதாசியை நிறுத்தி, கைதாங்கலின்றி எழுந்துநின்று சுட்டு, எத்தனை யார்வரை பத்துக்குப் பத்தும் தவறாது படுகின்றதோ அதுவே அவனது தூரம். துவக்கின் தூரம் அதனிலும் எவ்வளவு பெரிதாயினும் அவனுக்குப் பயனில்லை.

இவ்விடத்தில் எமது நாட்டைப்பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். எமது காட்டோரங்களிற் கட்டுத்துவக்கு என்றொன்று இருப்பதைப் பலரும் அறிவர். மரத்திலோ முளையிலோ கட்டி, விலங்கின் தடத்துக்குக் குறுக்கே கம்பியிழுத்து, இடறியவுடன் தானே வெடிக்குமாறு அதனை வைப்பர். சட்டம் அதனை விலக்கியும் ஒழிந்தபாடில்லை. பன்றிக்கென்று வைத்தது யானையின் காலை உடைக்கின்றது. விறகுக்கும் தேனுக்கும் போனவனை முடமாக்குகின்றது. அதன் கலிபரைப் பற்றி எவரும் விசாரிப்பதில்லை. விசாரித்தும் பயனில்லை, ஏனெனில் அதற்குக் கண்ணில்லை. முன்னே நிற்பது பன்றியா, பிணையா, பிள்ளையா என்று அது பாராது.

கையிற் பிடித்த துவக்குக்கும் கட்டிவைத்த துவக்குக்கும் உள்ள வேறுபாடு அப்பார்வை ஒன்றே. ‘இது மானன்று’, ‘இது தூரம் கூட’, ‘பின்னே ஆள் நடமாட்டம் உண்டு’ என்று கண்டு, விசையிலிருந்து விரலை எடுப்பவன் கையில் இருப்பதே ஏற்ற துவக்கு. அவ்வாறு விரலை எடுக்க அறியாதவனுக்கு ஏற்ற கலிபர் இன்னும் ஆக்கப்படவில்லை.